ஐந்து லட்சம் கையெழுத்துகள்

ரஷ்யாவிடமிருந்து பின்லாந்து பெற்ற விடுதலையைப் பற்றிப் பேச்சு வந்தால், அதை லெனின் ஒரே கையெழுத்தில் கொடுத்துவிட்டார் என்று பலரும் சொல்லி முடித்துவிடுகிறார்கள். 1917 டிசம்பர் 31 இரவு, பீட்டர்ஸ்பர்க் என்ற பெயர் மாறி பெட்ரோகிராட் ஆகியிருந்த ரஷ்யத் தலைநகரில், லெனின் அரசு இயங்கிய ஸ்மோல்னி மாளிகையில் காத்திருந்த பின்லாந்து அரசின் (செனட்டின்) தலைவர் ஸ்வின்ஹுஃப்வுட்டிடம் அங்கீகாரக் கடிதம் தரப்பட்டது உண்மைதான். ஆனால் அதற்கு 25 நாள் முன்பே, டிசம்பர் 6 அன்று, பின்லாந்து நாடாளுமன்றம் ஆதரவாக 100, எதிராக 88 என்ற வாக்குகளில் விடுதலை அறிவிப்பை ஏற்றிருந்தது. எதிராக வாக்களித்தவர்களும் விடுதலை வேண்டாம் என்றவர்கள் அல்லர். ரஷ்யாவுடன் பேசி உடன்பாடு கண்டே பிரிய வேண்டும் என்றவர்கள்.

அப்படி வாக்கெடுத்து முடிவு செய்ய அவர்களுக்கு ஒரு மன்றம் இருந்ததே, அதைத்தான் நான் முக்கியமாகக் கருதுகிறேன். 1809-இல் சுவீடனிடமிருந்து ரஷ்யாவின் கைக்கு மாறியபோதும் தன் பழைய சட்டங்களைக் காப்பாற்றிக்கொண்ட நாடு அது. 1860-இல் மார்க்கா என்ற சொந்த நாணயம் வந்தது. 1863-இல், இருபது ஆண்டுகளுக்குள் பின்னிய மொழி சுவீடிய மொழிக்கு நிகரான ஆட்சிமொழியாக வேண்டும் என்ற ஆணை வந்தது.

1899 பிப்ரவரியில், பின்லாந்து மன்றத்தின் ஒப்புதல் இல்லாமலே அந்நாட்டுக்குச் சட்டம் செய்யலாம் என்று ரஷ்யப் பேரரசர் இரண்டாம் நிக்கோலஸ் அறிவித்தபோது மக்கள் செய்ததை நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு நிறைகிறது. ரஷ்ய ஆளுநர் போப்ரிக்கோவின் காதுக்கு எட்டாமல், உறைபனிக் காலத்தில், சறுக்குக்கட்டைகளைக் காலில் கட்டிக்கொண்டு வீடு வீடாகச் சென்று, இரண்டு வாரத்துக்குள் 5,20,000-க்கும் மேற்பட்ட கையெழுத்துகளைத் திரட்டினார்கள். முப்பது லட்சம் பேர்கூட இல்லாத நாட்டில் இது நடந்தது! அந்தத் தாள்களோடு பீட்டர்ஸ்பர்க் சென்ற 500 பேரையும் பேரரசர் சந்திக்க மறுத்துவிட்டார். 1905-இன் பொது வேலைநிறுத்தத்துக்குப் பிறகோ, அதே பேரரசர் ஆண், பெண் அனைவருக்கும் வாக்குரிமை அளிக்கும் சட்டத்தை ஏற்க வேண்டியதாயிற்று. 1907 தேர்தலில் 19 பெண்கள் உறுப்பினரானார்கள்.

இவ்வளவையும் பெருமையோடு எழுதுபவர்கள் 1918-ஐ ஒரு வரியில் தாண்டிச் செல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. விடுதலை அறிவித்து இரண்டு மாதம்கூட ஆகாத நிலையில், நிலமற்ற குத்தகை விவசாயிகளும் தொழிலாளர்களும் சேர்ந்த செம்படை ஒருபுறமும் செனட் அரசின் வெள்ளைப்படை மறுபுறமுமாக உள்நாட்டுப் போர் மூண்டது. மே மாதம் போர் ஓய்ந்த பின்பும் சாவு ஓயவில்லை. தோற்ற செம்படையினரை அடைத்த சிறைமுகாம்களில் மட்டும், பசியாலும் நோயாலும் 12,000-க்கும் மேற்பட்டோர், தாங்கள் விடுதலை கேட்ட அதே நாட்டில் இறந்தார்கள்.