நோஸ்ஃபெராட்டு நடிகர் நிஜ ரத்தக்காட்டேரி இல்லை

"உலகின் முதல் பேய்ப்படம் 1922-இல் வந்த நோஸ்ஃபெராட்டு, அதில் நடித்தவர் நிஜ ரத்தக்காட்டேரி, படம் முடிந்ததும் மாயமாகிவிட்டார்" என்று ஒரு ஃபார்வர்டு சுற்றுகிறது. எல்லாம் தவறு. அவர் பெயர் மாக்ஸ் ஷ்ரெக். பெர்லினில் பிறந்த நாடக நடிகர், அதற்கப்புறமும் பல படங்களில் நடித்து 1936-இல் மியூனிக்கில் காலமானார். அந்தக் கூர்க்காதும் நீண்ட நகமும் ஒப்பனைதான்; ஒரு நல்ல நடிகரின் உழைப்பைப் பேய்க்கதையாக்குவது நியாயமே இல்லை.

சரி, முதல் பேய்ப்படம்? பொதுவாகச் சொல்லப்படுவது பிரான்சின் ஜார்ஜ் மெலியே 1896-இல் எடுத்த 'Le Manoir du diable' என்ற, சுமார் மூன்று நிமிடப் படம். பெரிய வௌவால் ஒன்று பறந்து வந்து கண்ணெதிரே சாத்தானாக மாறும். இரண்டு படங்களும் யூடியூபில் இலவசமாகவே கிடைக்கின்றன, ஷ்ரெக் நடித்த படங்களின் பட்டியல் விக்கிப்பீடியாவில் இருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள். அந்தச் செய்தி உங்கள் குழுவுக்கு வந்தால் தயவுசெய்து மேலே அனுப்பாதீர்கள்.