ஒன்பது மாதமும் ஊழியம்தான்

போன வாரம் இங்கே அமெரிக்காவின் யூட்டாவில் நம் தமிழ்க் குடும்பங்கள் சில சேர்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, தன் சபைக்காக ஊழியத்துக்குப் போய்த் திரும்பிய எங்கள் பக்கத்து வீட்டுப் பையனைப் பற்றிப் பேச்சு வந்தது. "ரெண்டு வருஷம்னு போனவன் ஒன்பதே மாசத்துல ஓடி வந்துட்டானாம்ல" என்றார் ஒருவர். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, ஆனாலும் அந்த "ஓடி வந்துட்டான்" எனக்குத் தொண்டையில் முள்ளாகச் சிக்கிக்கொண்டது. பையனிடமும் அவன் அம்மாவிடமும் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

அவர்கள் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபையைச் சேர்ந்தவர்கள். ஊர் வழக்கில் மார்மன்கள். அந்தப் பெயர் வேண்டாம் என்று அவர்களின் தலைமையே 2018இல் கேட்டுக்கொண்டது, யாரைச் சொல்கிறேன் என்று புரிவதற்காக ஒரே ஒரு தடவை எழுதிவிட்டேன். அந்தச் சபைப் பையன்கள் இரண்டு வருஷம் வீட்டை விட்டுப் போய்த் தங்கள் விசுவாசத்தைப் பரப்புவதைத்தான் ஊழியம் என்கிறார்கள். வெள்ளைச் சட்டை, டை, நெஞ்சில் கறுப்புப் பெயர்ப்பட்டையுடன் இருவர் இருவராகக் கதவைத் தட்டும் பையன்களைப் பார்த்திருப்பீர்கள். 2025 கணக்கில் பெண்களையும் சேர்த்து உலகம் முழுக்க 80,000 பேருக்கு மேல் ஊழியத்தில் இருந்தார்கள். முன்பு பையன்கள் 19 வயதில்தான் போக முடியும், 2012இல் அதை 18 ஆக்கினார்கள், அதனால் பள்ளிக்கூடம் முடித்த கையோடு கிளம்பிவிடுகிறார்கள். சம்பளம் கிடையாது. இந்த ஊர்ப் பிள்ளை என்றால் மாதம் 500 டாலர் அவர்களே கட்ட வேண்டும், இந்தப் பையன் தெருவில் புல் வெட்டியும் பனி தள்ளியும் சேர்த்த காசை அதில்தான் போட்டான். எங்கே போவது என்பதும் அவன் கையில் இல்லை, சபை சொல்லும் இடம்தான். அவனுக்கு வந்தது பிலிப்பைன்ஸ், செபு. புரோவோ பயிற்சி மையத்தில் சில வாரம் செபுவானோ மொழி படித்துவிட்டு விமானம் ஏறினான்.

வாரம் ஒருநாள் அவர்களுக்குத் துணி துவைக்க, சாமான் வாங்க, வீட்டுக்கு எழுத ஓய்வு உண்டு. அன்று அவன் தெரிந்தவர்கள் எல்லோருக்கும் ஒரு மின்னஞ்சல் அனுப்புவான், அந்தப் பட்டியலில் எங்களையும் சேர்த்திருந்தான். காலை 6:30க்கு எழ வேண்டும், அரை மணி உடற்பயிற்சி, அப்புறம் வேதம் படிப்பு, மொழிப் படிப்பு, பிறகு இரவு வரை வெயிலிலும் மழையிலும் நடை, 10:30க்கு விளக்கை அணைத்துவிட வேண்டும். சினிமா இல்லை, காதல் இல்லை. ஊழியத்தில் இருக்கும் வரை யாரும் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடவே இல்லை, எல்லோருக்கும் அவன் "எல்டர்" (மூப்பர்) இன்னார், அதுவும் குடும்பப் பெயரைச் சேர்த்து. எனக்குப் பெரிய பாடாகத் தெரிந்தது இன்னொன்று. கூட்டாளியை விட்டு ஒரு நிமிஷம்கூடப் பிரியக் கூடாது, குளியலறை தவிர எப்போதும் கண்ணுக்குத் தெரிகிற, காதுக்குக் கேட்கிற தூரத்தில் இருக்க வேண்டும். அந்தக் கூட்டாளியை அவன் தேர்ந்தெடுப்பதில்லை. ஆறு வாரத்துக்கு ஒருமுறை மாற்றம் வரும், கூட்டாளி மாறலாம், ஊர் மாறலாம். பழகி முடிப்பதற்குள் பெட்டி கட்ட வேண்டும். 18 வயதில் நான் விடுதியில் அறைத்தோழனோடு சண்டை போட்டால் மொட்டைமாடிக்குப் போய் உட்கார்ந்து அழுதுவிட்டு வருவேன். இவனுக்குத் தனியாக அழக்கூட இடம் கிடையாது.

ஆனால் அந்தக் கடிதங்களில் சந்தோஷமும் நிறைய இருந்தது, அதையும் சொல்ல வேண்டும். செபுவில் வீட்டு வாசலில் நின்று கதவைத் தட்டுவதற்குப் பதில் "ஆயோ" என்று குரல் கொடுப்பார்களாம், முதல் தடவை கூப்பிட்டபோது வெட்கமாக இருந்தது என்று எழுதியிருந்தான். ஒரு பாட்டி வீட்டில் மீனும் சோறும் கையால் சாப்பிட்டேன், உங்கள் வீட்டு ஞாபகம் வந்தது என்று எழுதியிருந்தான், அன்று என் மனைவி அந்த மின்னஞ்சலை இரண்டு தடவை படித்தாள்.

ஏழாம் மாதம் கடிதங்கள் சுருங்கின. எட்டாம் மாதம் தூக்கம் வரவில்லை என்று ஒரு வரி மட்டும் வந்தது. 2019 பிப்ரவரிக்கு முன்னால் இந்தப் பிள்ளைகள் வருஷத்துக்கு இரண்டே தடவைதான் வீட்டோடு பேச முடியும், கிறிஸ்துமஸுக்கும் அன்னையர் தினத்துக்கும். இப்போது வாரா வாரம் பேசலாம். அந்த மாற்றம் வந்ததற்கு நான் உள்ளபடியே நன்றி சொல்கிறேன், ஏனென்றால் பையன் வார்த்தையில் எதுவும் சொல்லவில்லை, திரையில் முகத்தைப் பார்த்துத்தான் அவன் அம்மா கண்டுபிடித்தார். மனப்பதற்றம், மூச்சு முட்டுவது, மருத்துவம் தேவைப்பட்டது, திரும்பி வந்தான்.

சால்ட் லேக் சிட்டி விமான நிலையத்தில் இதற்கென்றே ஒரு பெரிய வரவேற்பு அறை இருக்கிறது. 2020இல் புது நிலையம் கட்டும்போதே ஊழியம் முடித்து வரும் பிள்ளைகளைக் குடும்பங்கள் கூட்டமாக வந்து அழைத்துப்போவதை மனதில் வைத்துக் கட்டினார்கள். பலூன், பதாகை, தாத்தா பாட்டி என்று அங்கே ஒரே ஆரவாரமாக இருக்கும். இவன் வந்த இரவு அப்பா அம்மா இரண்டே பேர்தான் போனார்கள், பதாகை எதுவும் இல்லை. அவனே யாரும் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டானாம். அதற்கப்புறம் இரண்டு மாதம் அவன் வாசலுக்கு வந்து நான் பார்க்கவில்லை.

நான் தூத்துக்குடிப் பக்கம் ஆர்.சி. குடும்பத்தில் பிறந்தவன். என் சித்தப்பா சாமியாராகப் படிக்கக் குருமடத்துக்குப் போய் நான்கு வருஷத்தில் திரும்பி வந்தவர். அப்புறம் ஆசிரியரானார், பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளைத் தன் காசில் படிக்க வைத்தார், ஆனால் சாகிற வரைக்கும் தெருவில் அவருக்குப் பெயர் "பாதிச் சாமி". அவர் முகத்தில் அந்தப் பெயர் விழும்போது என்ன நடக்கும் என்று சின்ன வயதில் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். அதனால்தான் எனக்கு இவ்வளவு கோபம் வருகிறது. அந்த நான்கு வருஷமும் அவர் காலையில் எழுந்து ஜெபித்தது பொய்யா? இந்தப் பையன் ஒன்பது மாதம் கொட்டும் மழையில் நடந்தது நடக்கவில்லையா?

அவர்கள் சபையின் உயர் தலைவர்களில் ஒருவராக, அப்போஸ்தலராக இருந்த ஜெஃப்ரி ஹாலண்ட் 2016இல் இளைஞர்களோடு நடந்த கேள்வி பதில் நிகழ்ச்சியில் இதையே பேசியிருக்கிறார். நான்கு மாதத்தில் திரும்பிய ஒருவரைப் பற்றிக் கேட்டபோது, ஊழியம் செய்தாயா என்று யாராவது கேட்டால் ஆமாம் என்று சொல், நான்கு மாதம்தான் என்று ஒட்டுப் போடத் தேவையில்லை, திரும்பி வந்ததற்கு மன்னிப்பும் கேட்காதே என்றார். அவர்களின் விசுவாசம் வேறு, என் விசுவாசம் வேறு, ஆனால் இந்தப் பேச்சை நான் முழு மனதோடு ஏற்றுக்கொள்கிறேன். 18 வயது இதற்குச் சின்ன வயது என்ற என் எண்ணமும் மாறவில்லை. அதைப் பையனின் அப்பாவிடமே சொல்லியிருக்கிறேன், அவர் ஒத்துக்கொள்ளவில்லை, நாங்கள் இன்னும் நண்பர்கள்தான்.

நம் ஆட்களிடம் நான் கேட்பது இதுதான். அடுத்த தடவை அவனைக் கடையிலோ தெருவிலோ பார்த்தால் ஏன் வந்தாய் என்று கேட்காதீர்கள். செபு எப்படி இருந்தது, அந்த மொழியில் ஏதாவது பேசிக் காட்டு என்று கேளுங்கள். நான் கேட்டேன். வேலியோரம் நின்றுகொண்டே ஒரு மணி நேரம் பேசினான், அந்தப் பாட்டியைப் பற்றி, ஒரு கூட்டாளி தனக்கு மீன் சுடக் கற்றுக்கொடுத்ததைப் பற்றி.

நேற்று சாயங்காலம் என் மனைவி மீன் குழம்பு வைத்துவிட்டு அவனைக் கூப்பிட்டிருந்தாள். அழைப்பு மணி அடிக்கவில்லை. வாசலில் இருந்து "ஆயோ" என்று குரல் வந்தது, என் மகள் கதவைத் திறக்க ஓடினாள்.