லாம்புங் விளைநிலம் பற்றிய பதிவுக்கு ஒரு திருத்தம்

இந்தோனேசியாவின் சுமத்திராத் தீவில், லாம்புங் பகுதியில் அரசு மக்களைக் குடியமர்த்திய கிராமங்களில், உள்ளூர் நண்பர் பெயரில் இரண்டு ஹெக்டேர் வாங்கித் தனி ஒப்பந்தம் எழுதிக்கொண்டால் நிலம் வெளிநாட்டவரான நமக்கே சொந்தம் என்று அந்தப் பதிவில் ஒருவர் எழுதியிருப்பது தவறு. அந்நாட்டின் 1960ஆம் ஆண்டு நிலச் சட்டப்படி வெளிநாட்டவர் முழு உரிமை பெற முடியாது. நேரடியாகவோ சுற்றுவழியிலோ அவர்களுக்கு அவ்வுரிமையை மாற்றும் ஏற்பாடு செல்லாது, நிலம் அரசுக்குப் போய்விடும், கொடுத்த பணத்தையும் திருப்பிக் கேட்க முடியாது என்று அதன் 26ஆவது பிரிவு ஒளிவுமறைவின்றிச் சொல்கிறது. அப்படியிருக்க, அந்தத் தனி ஒப்பந்தத்தை நீதிமன்றத்தில் நீட்டுவது தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்வதுதான்.

மேலும், விளைநிலத்தின் உரிமையாளர் அந்நிலம் உள்ள வட்டத்திலோ அடுத்த வட்டத்திலோ குடியிருக்க வேண்டும் என்ற விதி 1961 முதல் உள்ளூர்க்காரர்களுக்கே இருக்கிறது (பலர் மீறுகிறார்கள் என்பது வேறு கதை). எனவே ஜகார்த்தாவில் வசிக்கும் நண்பரின் பெயர் அங்கேயே அடிபட்டுப்போகும்.

குடியிருப்பு அனுமதி பெற்ற வெளிநாட்டவர் வீட்டுக்காகக் காலவரம்புள்ள பயன்பாட்டு உரிமை பெறலாம். பண்ணை நடத்த வேண்டுமானால், அங்கே பதிவுசெய்த நிறுவனத்தின் வழியாகச் சாகுபடி உரிமைக்கு விண்ணப்பிக்க வேண்டும். அதற்குக் குறைந்தபட்சப் பரப்பே 5 ஹெக்டேர்.