பேப்பர் கப் பற்றி ஒரு திருத்தம்

பேப்பர் கப் முழுக்கக் காகிதம்தான், மறுசுழற்சியில் போய்விடும், ஆகவே கல்யாணப் பந்திக்கு எத்தனை வாங்கினாலும் கேடில்லை என்று சொல்லப்படுவதைப் பலரும் பகிர்ந்து வருகிறார்கள். மன்னிக்கவும், அது சரியன்று. சூடான காபி ஊறிக் கசியாமலிருக்க, வழக்கமான பேப்பர் கப்பின் உட்புறத்தில் பாலிஎதிலீன் என்னும் பிளாஸ்டிக் மென்படலம் ஒட்டப்பட்டிருக்கிறது. அதைப் பிரித்தெடுக்கத் தனி வசதி வேண்டியிருப்பதால், பழைய காகிதத்தோடு சேர்த்து இந்தக் கப்பை மறுசுழற்சி செய்ய இயலாது. 2016-இல் வெளியான திடக்கழிவு மேலாண்மை விதிகளே, கழிவு உண்டாகாமல் தடுப்பதை முதலிலும் மறுசுழற்சியை அதற்குப் பின்னரும்தான் வைத்தன. எவர்சில்வர் டம்ளர்கள் அடுக்கடுக்காக இருக்கும் செட்டிநாட்டு வீடுகளில், அவற்றை வெளியே எடுத்துக் கழுவ ஆள் வைத்தாலே இந்தக் குப்பை உண்டாகாது என்பதுதான் என் ஆதங்கம்.

ஐயமிருப்பவர்கள், தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த பிளாஸ்டிக் தடைக்கான அரசாணையில், பிளாஸ்டிக் பூசிய காகிதக் குவளைகளும் இடம்பெற்றிருப்பதைப் பார்க்கலாம். வீட்டிலேயே சோதிக்க, ஒரு கப்பைத் துண்டுகளாகக் கிழித்து வெந்நீரில் இரவு முழுவதும் ஊறவிட்டுக் கையால் தேய்த்தால், காகிதம் கூழாகிப் பிரிய, மெல்லிய பிளாஸ்டிக் படலம் தனியே மிஞ்சும்.