கஷ்டத்துக்குக் கைதட்டும் கூட்டம்

ஞாயிற்றுக்கிழமை இலக்கியக் கூட்டத்தின் வீடியோவை ஆளாளுக்கு அனுப்பிவிட்டீர்கள். பார்த்தேன். "கஷ்டம்தான் புதுமைப்பித்தனைப் புதுமைப்பித்தன் ஆக்கியது. வெற்றியும் வசதியும் வந்திருந்தால் அந்தக் கதைகள் வந்திருக்குமா?" என்கிறார் பேச்சாளர். அரங்கமே கைதட்டுகிறது. ஏசி அரங்கம்.

ஐயா, சிறுகதைக்காரர் புதுமைப்பித்தன் கஷ்டத்தைக் கேட்டு வாங்கவில்லை. சினிமாவில் நாலு காசு பார்க்கலாம் என்று நம்பிப் போனவர். பர்வதகுமாரி புரொடக்‌ஷன்ஸ் என்று சொந்தக் கம்பெனி ஆரம்பித்து 'வசந்தவல்லி' எடுக்கப் பார்த்தார், நடக்கவில்லை. 'ராஜமுக்தி' படத்துக்கு எழுதப் புனே போனவர் காசநோயோடு திரும்பினார். 1948 ஜூன் 30, திருவனந்தபுரத்தில் மரணம். வயது 42. மனைவி கமலாவுக்கு எழுதிய கடிதங்கள் புத்தகமாகவே கிடைக்கின்றன. பணம் அனுப்ப முடியாத தவிப்பு அதில் எப்படி இருக்கிறது என்று படித்துவிட்டு வந்து கைதட்டுங்கள்.

பாரதி மட்டும் என்ன? 1920இல் தன் எழுத்தையெல்லாம் 40 புத்தகங்களாகப் போடத் திட்டம் தீட்டி, மண்ணெண்ணெய் தீப்பெட்டியைவிட வேகமாக விற்கும் என்று எழுதினார். அதற்காக நண்பர்களிடம் கடனும் கேட்டார். அடுத்த வருஷம் ஆளே இல்லை. விற்பனையை வெறுத்தவரா அவர்? கஷ்டத்தைக் கேட்டு வாங்கவில்லை, திரும்பவும் சொல்கிறேன்.

'எழுத்தாளர் மௌனி புகழைத் தேடவே இல்லையே' என்பீர்கள். சரிதான். சிதம்பரத்தில் ரைஸ்மில் வைத்திருந்தார், சாவகாசமாக இருபத்துச் சொச்சம் கதை எழுதினார். அவருக்குக் கட்டுப்படியானது. சுந்தர ராமசாமிக்கு நாகர்கோவிலில் ஜவுளிக்கடை. கல்லாவில் காசு இருந்ததால் கதை கெட்டுப்போனதா?

'அசோகமித்திரன் ஜெமினி ஸ்டூடியோ வேலையை விட்டாரே, அது அவராகத் தேர்ந்தெடுத்ததுதானே?' கொஞ்சம் நியாயமான கேள்விதான். ஆனால் அவர் விட்டது வேலையை, சோற்றை இல்லை. மேலே போவோம்.

எனக்கு ஏன் இவ்வளவு எரிகிறது? ஒரு தீபாவளி மலருக்குக் கதை கொடுத்தேன். சன்மானம் பற்றி மெதுவாகக் கேட்டதற்கு, "சார், நீங்க பணத்துக்கா எழுதறீங்க?" என்று சிரித்தார்கள். நானும் அசடு வழியச் சிரித்து வைத்தேன். மலர் வந்தது. என் கதைக்கு எதிர்ப்பக்கம் முழுக்க நகைக்கடை விளம்பரம். நகைக்கடைக்காரரிடமும் 'பணத்துக்கா விளம்பரம் போடறோம்' என்று சிரித்திருப்பார்களோ?

கூட்டத்துக்குப் போனால் சால்வை. பீரோவில் ஒரு தட்டு முழுக்க அதுதான். சரிகை உதிர்ந்து என் பனியனெல்லாம் மினுங்குகிறது. ஒன்றை வாஷிங் மெஷின் மேல் விரித்திருக்கிறாள் வீட்டுக்காரி. திரும்பி வரும்போது ஆட்டோக்காரர் சால்வையை வாங்கிக்கொள்வதில்லை, கேட்டுப் பார்த்தாயிற்று.

'காசுக்குப் புலம்புகிறான்' என்று கமென்ட் வரும். வரட்டும். ஆமாம், காசுக்குத்தான். புதுமைப்பித்தன் புலம்பினால் இலக்கியம், நான் புலம்பினால் அற்பத்தனமா? செத்தபிறகு புலம்பினால்தான் மரியாதை போலிருக்கிறது.

கூட்டத்துக்குப் போனவர்கள் ஒன்றே ஒன்று விசாரித்துச் சொல்லுங்கள். கஷ்டத்தின் மகிமையை முக்கால் மணி நேரம் பேசிய அந்தப் பேச்சாளருக்கு, இறங்கும்போது கவர் கொடுத்தார்களா இல்லையா?