பட்டாம்பூச்சிக் கட்டை அலங்காரம் அல்ல

வெடிப்புள்ள பலகையில் செய்த அலுவலக மேசை பிளந்தே தீரும் என்றும், அமெரிக்க மரச்சாமான் வடிவமைப்பாளர் ஜார்ஜ் நகாஷிமாவின் மேசைகளில் காணும் பட்டாம்பூச்சி வடிவ மரத்துண்டுகள் வெறும் அலங்காரம் என்றும், கணுக்கள் அனைத்தும் ஆபத்து, வெடிப்பில் எபாக்சி ஊற்றினால் போதும் என்றும் சிலர் சொல்வது சரியல்ல. மரம் காயும்போது ஆண்டு வளையங்களின் போக்கில் சுருங்கும் அளவு, நடுவிலிருந்து பட்டையை நோக்கிய திசையில் சுருங்குவதைவிடப் பொதுவாக ஏறத்தாழ 2 மடங்கு என்பதால்தான் வெடிப்பு விழுகிறது. பலகை நன்கு காய்ந்தபின் வெடிப்பு மேலும் வளர்வது பெரும்பாலும் அடங்கிவிடும். எஞ்சும் அசைவைத் தாங்கவே, இடை ஒடுங்கி இரு முனையும் விரிந்த கடினமான மரத்துண்டு ஒன்று, அதன் நார் வெடிப்புக்குக் குறுக்கே ஓடும்படி, உளியால் செதுக்கிய பள்ளத்தில் இறுக்கமாகப் பதிக்கப்படுகிறது. நார் வெடிப்பின் போக்கிலேயே ஓடினால் துண்டு இடையில் முறிந்துவிடும். அலங்காரத்துக்கு மட்டும் என்றால் இந்தக் கவலை எதற்கு?

கணுக்கள் (மரத்தில் கிளை முளைத்த இடங்கள்) அனைத்தும் ஆபத்து என்பதில் பாதிதான் உண்மை: சுற்றியுள்ள மரத்தோடு இணைந்து வளர்ந்த கணு மேசைப்பரப்பில் தீங்கு செய்யாது, கருவளையத்துக்குள் ஆடும் செத்த கணுவைத்தான் அகற்ற வேண்டும். வெடிப்பில் எபாக்சி என்ற இறுகும் பிசினை ஊற்றினால் போதும் என்பதையும் ஏற்க இயலாது; ஈரப்பதத்துக்கேற்பப் பலகை விரிந்து சுருங்குவதை அது நிறுத்தாது என்பதால், பலகை அசைய இடம் இருக்கும்படி அடிச்சட்டத்தில் நீள்துளை இட்டே ஸ்க்ரூ முடுக்க வேண்டும்.