வெள்ளை எழுத்து வேலை வாங்கித் தராது

கடலூர், புதுச்சேரி வேலைவாய்ப்பு வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் ஒரு ஃபார்வர்டு: "ரெஸ்யூமேவைப் புதுப்பிக்கவே வேண்டாம், கம்பெனி விளம்பரத்தை அப்படியே காப்பி செய்து கடைசியில் வெள்ளை எழுத்தில் ஒட்டுங்கள், கம்ப்யூட்டர் உங்களைத் தேர்வு செய்துவிடும்."

தப்பு. விண்ணப்பங்களைப் படிக்கும் மென்பொருள் பொதுவாக நிறத்தை விட்டுவிட்டு எழுத்தை மட்டும் உருவி எடுக்கும், அதை எச்ஆர் திறந்தால் நீங்கள் ஒளித்ததெல்லாம் சாதாரண எழுத்தாகப் பல்லிளிக்கும். நம்பிக்கை இல்லையா? உங்கள் பிடிஎஃப்பில் கன்ட்ரோல் ஏ, கன்ட்ரோல் சி அழுத்தி நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள்.

சரி, யாரும் கவனிக்கவில்லை என்றே வைத்துக்கொள்வோம். சிப்காட்டில் ஒரு லேப் வேலை, ஒளித்த வரியில் எச்பிஎல்சி (கலவையில் என்னென்ன இருக்கிறது என்று பிரித்துக் காட்டும் கருவி) இருக்கிறது, நேர்காணலில் முதல் கேள்வியே "மொபைல் ஃபேஸ் என்ன போட்டீங்க?" என்றுதான், அதாவது அந்தக் கருவிக்குள் ஓடவிட்ட திரவம் எது என்றுதான் வரும். அப்போது என்ன சொல்வீர்கள்?

விளம்பரம் கேட்கும் வேலையை நிஜமாகவே செய்திருந்தால் அதே வார்த்தையில், கறுப்பு எழுத்திலேயே, எங்கே எந்த வருடம் என்று எழுதுங்கள், அதை மென்பொருளும் படிக்கும், மனிதரும் படிப்பார். அப்புறம், புதுப்பிக்கவே வேண்டாம் என்கிறார்களே, ரெஸ்யூமேவில் இருக்கும் போன் நம்பர்? எப்போதோ தூக்கிப்போட்ட சிம்மின் நம்பரை ரெஸ்யூமேவில் வைத்துக்கொண்டு "கூப்பிடவே மாட்டேங்கிறாங்க" என்பவர்கள் நம் ஊரில் நிறைய.